உமரி வேர்

சேசு மரி சூசை துணை

வின்னிபெக், கனடா
12 நவம்பர் 1973

அன்புள்ள பிரியம்,

உன் கடிதமும், அம்முவின் கையைக் காகிதத்தில் வைத்து நீ வரைந்து அனுப்பிய படமும் கிடைத்தன. படத்தை மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

இங்கே ஆறு உறைந்துவிட்டது. ஜனங்கள் அதன்மேல் நடந்தே அக்கரைக்குப் போகிறார்கள். நான் இன்னும் பாலத்தில்தான் போகிறேன்.

டாக்டர் கெல்லர் எனக்குக் கோதுமையைக் கொடுத்திருக்கிறார். இரண்டு வகை. ஒன்று பனிக்காலத்தைத் தாங்கி வசந்தத்தில் மறுபடி தழைக்கும். மற்றது செத்துப்போகும். ஏன் என்பதுதான் என் கேள்வி. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. மார்கழியில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை, பார்த்திருப்பாய். செடியின் சவ்விலும் அப்படி இரண்டு விதக் கொழுப்பு உண்டு. உறைகிற கொழுப்பு அதிகமானால் சவ்வு விறைத்து, விரிசல் விட்டு, செல் செத்துப்போகும். பனியைத் தாங்குகிற கோதுமையில் உறையாத கொழுப்பு கூடுதலாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். உனக்குப் புரியும்படி எளிமையாகச் சொல்கிறேன்.

கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவியை ஜேனட் என்ற பெண் கற்றுக்கொடுக்கிறாள். ஒரு சொட்டு விட்டால் என்னென்ன கொழுப்பு எவ்வளவு என்று தானே கோடு போட்டுக் காட்டிவிடும். நாம் பாடத்தில் படித்ததோடு சரி, இப்போது நான் தினமும் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞானம் அக்காவுக்கு உதவியாயிரு. குழந்தைக்குக் காதில் குளிர் படாமல் பார்த்துக்கொள்.

உன்
வால்டர்


ராயபுரம்
9 டிசம்பர் 1973

அன்பு வால்டர்,

ராயபுரத்தில் காதில் படுகிற அளவுக்குக் குளிர் எங்கே வருகிறது? அம்மு நன்றாக இருக்கிறாள். ஞானம் அண்ணியின் மீன்கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறாள்.

தேங்காயெண்ணெய் விளக்கம் அருமை. எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் மரத்தடியில் உட்கார்ந்து அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புரியும்படி எளிமையாக எழுத வேண்டாம். கஷ்டமாகவே எழுதுங்கள்.

மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நான், சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஜேனட் மேல் இல்லை. அந்தப் பெண் எப்படி இருந்தால் எனக்கென்ன. அவள் கைக்குப் பக்கத்தில் இருக்கிற கருவி மேல். கோதுமையைக் குளிரில் வைக்க நீங்கள் போகிற வருகிற குளிர் அறை மேல். அந்த இடத்துக்கு நாம் இரண்டு பேருமே விண்ணப்பம் போட்டோம், எனக்குத்தான் மதிப்பெண் கூட. அம்மு வயிற்றில் வந்தாள், நான் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதற்காக அம்முவையோ உங்களையோ நொந்துகொள்ளவில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் படித்தேன்.

நானும் சும்மா இல்லை. கல்லூரியில் மாணவிகளுக்கு வெங்காயத் தோலைக் காட்டிக்கொண்டே காலம் போய்விடும் போலிருந்தது. போன மாதம் அவர்களை எண்ணூர் கழிமுகத்துக்குக் கூட்டிப்போனேன். கரையெல்லாம் உமரி. சிவப்பும் பச்சையுமாய், கால் வைத்தால் நறுக்கென்று உடைகிற இலை. சுற்றிலும் எதுவும் முளைக்காத உப்புச் சேற்றில் அது மட்டும் கொழுத்து நிற்கிறது. உங்கள் கோதுமை குளிருக்குச் சவ்வை மாற்றிக்கொள்ளுமென்றால், இது உப்புக்கு மாற்றிக்கொள்ளாதா? வேரின் சவ்வுதானே வாசல், எந்த உப்பு உள்ளே வரலாம், எது வெளியே நிற்கவேண்டும் என்று சொல்வது?

சில செடிகளைப் பிடுங்கி வந்து மாடியில் டால்டா டின்களில் நட்டிருக்கிறேன். பாதிக்குக் கழிமுகத் தண்ணீர், பாதிக்குக் குழாய்த் தண்ணீர். அண்ணி பார்த்துவிட்டு, “இன்னா பிரியம், அவனவன் வூட்ல ரோசாச் செடி வெக்கிறான், நீ களையப் புடுங்கியாந்து வெச்சிகினு கீறே” என்றார்.

உங்கள் லாபில் வேர்க் கொழுப்பைப் பிரித்தெடுக்கிற முறையை விவரமாக எழுதி அனுப்புங்கள்.

பிரியம்


வின்னிபெக்
20 ஜனவரி 1974

அன்புள்ள பிரியம்,

கேட்ட முறையைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். குளோரோஃபாமும் மெத்தனாலும் சுத்தமாக இல்லாவிட்டால் வருகிற விடை வேருடையதாக இருக்காது, புட்டியினுடையதாக இருக்கும். எடுத்த கொழுப்பில் காற்றுப் பட்டாலே கெட்டுப்போகும். நம் கல்லூரியில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று எனக்குச் சந்தேகம். மனம் உடையச் சொல்லவில்லை. ஆர்வம் வேறு, வசதி வேறு. உமரியைப் பற்றி ஒரு நல்ல வகுப்பு எடு, மாணவிகளுக்குப் பயன்படும்.

என் வேலை மெதுவாகப் போகிறது. இரண்டு கோதுமையையும் குளிரில் வைத்துப் பார்த்தேன். தாங்குகிற வகையில் உறையாத கொழுப்பு கூடியிருக்கிறது, நான் நினைத்தபடியே. ஆனால் சாகிற வகையிலும் அதே அளவு கூடியிருக்கிறது. எங்கோ கைப்பிழை நேர்ந்திருக்கிறது. திரும்பச் செய்கிறேன்.

டாக்டர் கெல்லர் அதிகம் பேசமாட்டார். என் தாள்களைப் புரட்டிவிட்டு, “சரி” என்று வைத்துவிட்டுப் போகிறார்.

வால்டர்


ராயபுரம்
17 மார்ச் 1974

அன்பு வால்டர்,

நடந்துவிட்டது! எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வசதி இல்லை என்று எழுதினீர்கள். உண்மைதான். அதனால் வேதியியல் துறை ரஷீது சாரிடம் போய் நின்றேன். நாம் படித்து முடித்தபிறகு வந்தவர், உங்களுக்குத் தெரியாது. குளோரோஃபாமை அவரே காய்ச்சி வடித்துக் கொடுத்தார். மண்ணடியில் கண்ணாடி வெட்டுகிறவரிடம் ஜன்னல் கண்ணாடியைப் பட்டை பட்டையாக வெட்டி வாங்கி, சிலிக்காவைக் கரைத்துப் பூசிக் காயவைத்தோம். அடியில் வேர்க் கொழுப்பை ஒரு சொட்டு வைத்து, கரைப்பானில் நிற்கவைத்தால், ஒவ்வொரு கொழுப்பும் ஒவ்வொரு உயரத்துக்கு ஏறி நின்றுவிடுகிறது. அயோடின் ஆவி காட்டினால் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு. அயோடின் போட்டது ஒரு ஊறுகாய் ஜாடியில். கல்லூரிக் கண்ணாடித் தொட்டி உடைந்துபோயிருந்தது.

உப்புத் தண்ணீர் குடித்த வேரில் ஒரு பொட்டு தடிப்பாக, இன்னொன்று வெளிறி. குழாய்த் தண்ணீர் குடித்ததில் நேர்மாறு. என் கைப்பிழையோ என்று டின்களை மாற்றி வைத்தேன். உப்பில் இருந்ததற்கு நல்ல தண்ணீர், நல்ல தண்ணீரில் இருந்ததற்கு உப்பு. பிறகு பார்த்தால் பொட்டுகளும் இடம் மாறிவிட்டன! சவ்வு வெறும் பை இல்லை வால்டர். செடி உட்கார்ந்த இடத்திலேயே தன் வாசலைப் பிரித்து வேறு மாதிரி கட்டிக்கொள்கிறது. இதை நெல்லுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தால்? கடற்கரை வயல்களை நினைத்துப் பாருங்கள். செல்லைக் கண்ணாடிப் புட்டியில் வளர்க்கிறார்களாம், இரண்டு செடிகளின் செல்லை ஒன்றாகவே சேர்த்துவிடுகிறார்களாம், படித்தேன். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் நடக்கும்தானே.

பொட்டு மாறுகிறது என்றுதான் என்னால் சொல்ல முடியும். அந்தப் பொட்டுக்குள் எந்தக் கொழுப்பு, எவ்வளவு என்று சொல்ல உங்கள் கருவி வேண்டும். அதனால் காய்ந்த கொழுப்பைக் கண்ணாடிக் குப்பிகளில் காற்றுப் புகாமல் ரஷீது சார் தீயில் உருக்கி அடைத்துத் தந்தார். பங்குச் சாமியாரின் தம்பி டொராண்டோ போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அங்கிருந்து தபாலில் வரும். எனக்காக ஒரு தடவை கருவியில் ஓட்டிப் பாருங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

அம்மு இப்போது ‘உம்மி, உம்மி’ என்று டின்னைக் காட்டுகிறாள். ஒரு இலையைத் தின்றும் பார்த்தாள்.

பிரியம்


வின்னிபெக்
14 மே 1974

பிரியம்,

குப்பிகள் வந்தன. கருவி பழுதாகிக் கிடக்கிறது. எப்போது சரியாகும் என்று தெரியவில்லை. சரியானாலும் எங்கள் வேலைதான் முதலில்.

வேறொரு விஷயம். ஞானம் அக்கா பக்கத்து வீட்டுப் பிள்ளையை எழுதச் சொல்லி ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். “பிரியம் ஒரு வாத்தியாரோட எண்ணூருக்கு ரயில்ல போய்வருது, சேறும் சகதியுமா வருது, வூடெல்லாம் ஆஸ்பத்திரி நாத்தம்” என்று. அக்கா வெகுளி, மனதில் ஒன்றும் வைத்து எழுதவில்லை. ஆனால் தெரு அப்படி எடுத்துக்கொள்ளாது. உன் போன கடிதத்தில் அந்த ரஷீது எத்தனை தடவை வருகிறார் என்று நீயே படித்துப் பார். காய்ச்சி வடிக்கிறார், உருக்கி அடைக்கிறார். ஒருவருடைய மனைவிக்கு இவ்வளவு செய்கிற ஆளுக்கு வேறு வேலை இல்லையா?

நான் இவ்வளவு தூரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். எண்ணூர்ப் போக்குவரத்தை நிறுத்திவிடு. நான் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வால்டர்


ராயபுரம்
21 ஜூன் 1974

வால்டர்,

இந்த ஒரு கடிதத்தில் உன்னை ‘நீ’ என்றுதான் எழுதப்போகிறேன். கல்யாணத்துக்கு முன்னால், ஒரே மைக்ராஸ்கோப்புக்கு அடித்துக்கொண்ட காலத்தில் அப்படித்தானே கூப்பிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று நான் அழுதேன். அண்ணி பயந்துபோய், “அய்யோ, நான் சும்மா வூட்டு சேதி சொன்னேம்மா, அவன் இன்னாத்துக்குப் பேஜார் பண்ணிக்கினு கீறான்?” என்று தானும் அழுதார். எண்ணூருக்கு நான் மாணவிகளோடு போகிறேன். ரஷீது சார் ஒரே ஒரு தடவை வந்தார், தண்ணீரின் உப்பை அளக்க. அதையெல்லாம் விளக்கி, கெஞ்சி, ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். எண்ணூர்ப் போக்கையும் நிறுத்திவிட்டேன். டின்னில் இருந்த செடிகள் வாடத் தொடங்கியிருந்தன.

நேற்று டாக்டர் கெல்லரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது.

ஏப்ரலில் என் குப்பிகளுக்குக் கருவி கோடு போட்ட சார்ட்டைப் பார்த்தாராம். வேரின் சவ்வுக் கொழுப்பு இப்படித் தலைகீழாக மாறி, திரும்பவும் மாறுவதை அவர் எந்தச் செடியிலும் பார்த்ததில்லையாம். உமரியின் செல்களைப் புட்டியில் வளர்த்து, அங்கேயும் அது நடக்கிறதா என்று பார்க்க ஒரு வருஷம் என்னால் வரமுடியுமா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னாராம். ‘இதுவரை பதில் இல்லை. உங்கள் கணவர் வேலை மும்முரத்தில் மறந்திருக்கலாம் என்பதால் நானே எழுதுகிறேன்’ என்று போட்டிருக்கிறார். எவ்வளவு மரியாதையான மனிதர்.

ஏப்ரல், வால்டர். கருவி பழுதாகவில்லை. மே மாதம் நீ எனக்குக் கடிதம் எழுதும்போது என் சார்ட் உன் மேசைமேல் கிடந்திருக்கிறது.

ரஷீதின்மேல் உனக்குப் பொறாமையே இல்லை. அவர் பெயரைத் தூக்கிப் பிடித்தது எதை மறைக்க என்று இப்போது தெரிகிறது. நீ பொறாமைப்பட்டது டால்டா டின்னில் முளைத்த ஒரு களையின்மேல். அதை நேராகச் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். நான்தான் முதல் கடிதத்திலேயே என் பொறாமையைக் கொட்டினேனே, என்ன குறைந்துபோனேன்? நீ உன்னுடையதை எடுத்து என் நடத்தைமேல் போர்த்தினாய். ஊரில் எல்லா ஆண்களும் பெண்டாட்டியை அடக்க எடுக்கிற அதே போர்வை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

நாளைக்கு எண்ணூர் போகிறேன்.

தேவப்பிரியம்


வின்னிபெக்
7 ஜூலை 1974

பிரியம்,

சுத்தமான தமிழ்ல ரெண்டு தபா எழுதிப் பார்த்து கிழிச்சிட்டேன். அந்தத் தமிழ்ல எழுதினா பொய்தான் வருது. நம்ம வூட்டுப் பேச்சுலயே எழுதறேன்.

வயிறு எரிஞ்சிச்சி. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல.

கோதுமைய மூணாவது தபாவும் செஞ்சேன். பொயக்கிற கோதுமையும் சாவற கோதுமையும் கொழுப்ப ஒரே மாதிரிதான் மாத்திக்குது. கைப்பிழை கெடையாது. நான் நெனச்சதே தப்பு. இவ்ளோ தூரம் வந்து ‘இல்ல’ன்னு ஒரு வார்த்தையக் கண்டுபுடிச்சிருக்கேன். அன்னிக்கி உன் குப்பிய ஒடச்சி ஓட்டினேன். வேணும்னே பொறுமையா ஓட்டினேன், ஏதாவது ஓட்டை கண்டுபுடிக்கலாம்னு. கோடு ஒண்ணொண்ணா ஏறி எறங்குது. உப்புல ஒரு மாதிரி, நல்ல தண்ணில வேற மாதிரி, பளிச்சின்னு. பின்னால டாக்டர் கெல்லர் வந்து நின்னார். “யாருது?”ன்னார். “என் மனைவியுது”ன்னேன். அவர் என்னப் பார்க்கல பிரியம், அந்தக் காகிதத்தையே பார்த்துகினு இருந்தார். நான் வந்ததுலேர்ந்து என் சார்ட்ட அவர் ஒரு தபா கூட அப்படிப் பார்த்தது கெடையாது. ஜேனட்ட வேற கூப்ட்டு காட்னார்.

அப்பறம் உனக்கு எழுதச் சொன்னார். நாளைக்கி எழுதலாம், நாளைக்கி எழுதலாம்னு தள்ளினேன். அக்கா கடுதாசி வந்திச்சி. அதுல ஒரு ஆம்பள பேரு இருந்திச்சி. கோவப்படறதுக்கு எனக்கு ஒரு நல்ல காரணம் கெடச்ச மாதிரி இருந்திச்சி. எழுதும்போதே தெரியும் அது பொய்யின்னு. கையி நிக்கல.

நீ வா. என் உபகாரச் சம்பளம் டிசம்பரோட முடியிது. அதுக்கு மேல எனக்கு இங்க வேலை இல்லன்னு அவர் தன்மையாத்தான் சொன்னார். நான் ஊருக்கு வந்து அம்முவப் பார்த்துக்கறேன். தியாகம்னு நெனச்சிக்காதே. வேற போக்கு இல்ல, அதான் நெசம்.

வால்டர்


ராயபுரம்
2 ஆகஸ்டு 1974

அன்பு வால்டர்,

டாக்டர் கெல்லருக்குச் சம்மதம் எழுதிவிட்டேன். ஜனவரியில் வருகிறேன் என்று.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். மன்னித்தேன் என்று எழுதத் தோன்றவில்லை, அதனால் எழுதவில்லை. ஆனால் படித்துவிட்டுச் சோறு இறங்கியது. உங்கள் மே மாதக் கடிதத்துக்குப் பிறகு இறங்கவில்லை.

ரஷீது சாரிடம் நீங்கள் எதுவும் பேசவேண்டாம். அவருக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். வந்தபிறகு வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வேளை சாப்பாடு போடுங்கள், போதும். தெரு பார்க்கும்படி, வாசலில் நின்று வரவேற்றுப் போடுங்கள்.

கோதுமையை எழுதி முடிக்காமல் வராதீர்கள். இரண்டும் ஒரே மாதிரி மாறுகின்றன என்றால் அதுவும் ஒரு விடை. பனியைத் தாங்குவதற்குக் கொழுப்பு மட்டும் காரணம் இல்லை என்று உலகத்தில் யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்? வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாமல் விட்டால் இன்னொரு வால்டர் வந்து அதே குளிர் அறையில் உட்காருவான்.

எனக்கு இப்போது வேறொரு வயிற்றெரிச்சல். ஒரு வருஷம் அம்மு உங்களோடு இருப்பாள். அவள் முதலில் சேர்த்துப் பேசுகிற வாக்கியம் உங்கள் காதில் விழும். காய்ச்சல் வந்தால் உங்கள் தோளைத் தேடுவாள். நான் திரும்பி வரும்போது என்னைப் பார்த்து அண்ணியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அதை நினைத்தால் இந்தத் தடவை சம்மதத்தையும் திரும்ப வாங்கிவிடலாமா என்று தோன்றுகிறது. வாங்கமாட்டேன்.

அண்ணிக்குச் சொன்னேன். மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, “அவன் போய் வந்தான்ல, நீயும் போய் வா. கொயந்தைய நானும் அவனும் பாத்துக்கறோம். ஆனா அந்தக் களைக்கு நான் தண்ணி ஊத்தமாட்டேன்” என்றார்.

பிரியம்


சேசு மரி சூசை துணை

ராயபுரம்
15 ஜூன் 1975

அன்புள்ள பிரியம்,

உன் கட்டுரையின் தட்டச்சுப் பிரதி வந்தது. மூன்று முறை படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இழுக்கிறது, குறித்திருக்கிறேன். மற்றபடி குறை சொல்ல வாய் வரவில்லை, முயன்று பார்த்தேன். புட்டியில் மிதக்கிற செல் கூட, வேர் இல்லாமல், இலை இல்லாமல், உப்பைக் கண்டதும் தன் சவ்வை மாற்றிக்கொள்கிறது என்றால் அது பெரிய விஷயம். படித்துவிட்டு காசிமேடு வரை நடந்துவிட்டு வந்தேன். பொறாமை போய்விட்டதா என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். போகவில்லை. இப்போது அதற்கு வேறு பெயர் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆசிரியர் பெயரில் உனக்கு அடுத்து என் பெயரைப் போட்டிருக்கிறாய். அதை அடித்துவிட்டேன். உன் குப்பிகளை ஓட்டியவனும் நான், ஒளித்தவனும் நான், ஒன்றுக்கொன்று கழித்துக்கொள். ரஷீதின் பெயரைப் போடு. போன ஞாயிறு வந்திருந்தார், வாசலில் நின்றுதான் வரவேற்றேன். அக்காவின் வஞ்சிர வறுவலை மறுபடி மறுபடி கேட்டுச் சாப்பிட்டார்.

பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. பெயரை அடித்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து நான் உன் இடத்தில் வெங்காயத் தோல் காட்டிக்கொண்டிருக்கிறேன் அல்லவா? மாணவிகளோடு மணலிப் பக்கம் சடையங்குப்பம் போயிருந்தேன். போன மழையில் உவர்நீர் ஏறி நின்ற வயல்கள். பயிர் முழுக்கக் கருகிக் கிடந்தது. வேம்பு என்கிற விவசாயி ஒரு மூலையைக் காட்டினார். அங்கே மட்டும் கொஞ்சம் நெல் பச்சையாக நின்று கதிர் வாங்கியிருந்தது. விதை கேட்டு வாங்கி வந்தேன். மாடியில் உன் உமரிக்குப் பக்கத்தில் இப்போது நெல் நிற்கிறது, கருகுகிற வகையும் கருகாத வகையும். அக்கா மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

முதல் வேரை எடுத்துப் பொட்டு பார்த்துவிட்டேன். என்ன தெரிந்தது என்று உனக்கு எழுதமாட்டேன். கெல்லரிடம் சொல்லிவிடுவாய். முதலில் என் கட்டுரையை நான் முடித்துக்கொள்கிறேன்.

அம்முவுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று, பயப்படாதே. ஆமாம், என் தோளில்தான் கிடந்தாள். ஆனால் “அம்மா எப்போ வரும்?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதல் வாக்கியம் அதுதான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்.

ஜனவரியில் நீ வந்து இறங்கும்போது மீனம்பாக்கத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். அன்றைக்கு என் கண்ணாடிப் பட்டைகள் கரைப்பானில் நிற்கும் நாளாக இருந்தால் அக்காதான் வருவாள், கோபித்துக்கொள்ளாதே. நேராக லாபுக்கு வந்துவிடு. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வா.

உன்
வால்டர்